மாத்தியாச்சு

போன மாதம் அஞ்சனா போன் செய்தாள். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் மின்சாரப் பிரிவுக்கு இப்போது அவள்தான் இன்ஜினியர். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கேரளத்தில், பெருங்கடவிளையிலிருந்து மலைப்பக்கம் ஏறும் சாலையில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது அந்த ஆஸ்பத்திரி. சோலார், பேட்டரி, ஜெனரேட்டர், ஊர்க் கரண்டு எல்லாவற்றையும் தானே பார்த்துப் பங்கிட்டுக் கொடுக்கும் கம்ப்யூட்டர் ஒன்றைப் புதிதாக வைத்திருக்கிறார்களாம்.

"அக்கா, ஸ்க்ரீன்ல 'மாற்றுக'ன்னு ஒரு பட்டன் உண்டு. அதக் கண்டதும் பழைய ஆளுவ ரெண்டு பேரும் தொட மாட்டோம்னு மாறி நிக்குதாவ. கேட்டா ஸ்டெல்லாக்காகிட்ட கேளுன்னு சொல்லுதாவ. என்ன காரியம்?"

இரண்டு வரியில் சொல்லிவிடக்கூடிய பதில்தான். ஆனாலும் எழுதித் தருகிறேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. கோபமும் வருத்தமும் மாறி மாறி வந்தால் அஞ்சனா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவள். படித்து முடித்ததும் பாறசாலையில் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் சில வருடம் செம்புக் கம்பி சுற்றினேன். பெண்பிள்ளை சுற்றிய கம்பி என்று சொல்லி மோட்டாரைத் திருப்பிக் கொண்டுபோனவர்களும் உண்டு, அதே மோட்டாரை மறுபடி தூக்கிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது அங்கே ஊர்க் கரண்டும் ஒரு பழைய ஜெனரேட்டரும் மட்டும்தான். கரண்டு உண்டு, அல்லது இல்லை. வேலை சுலபம்.

பிறகு கூரை முழுக்க சோலார் பலகை வந்தது. பேட்டரிக்கு என்று குளிரூட்டிய தனி அறை வந்தது. பின்பக்கப் பாறைமேல் ஒரு சின்னக் காற்றாடியும் வைத்தார்கள். அதை அமைத்தவர்கள் கூட்டம் போட்டுப் பெருமையாகப் பேசினார்கள். காற்று இல்லாவிட்டால் அது சுற்றாது, காற்று பலமாக அடித்தால் தானே பிரேக் போட்டுக்கொண்டு நின்றுவிடும். என்னோடு வேலை பார்த்த சத்தியநேசன் சொல்வான், "அக்கா, காத்தாடி இண்ணைக்கு சுத்துது. யாரோ போட்டோ எடுக்க வாறாவ போல."

இப்படி நான்கு வழியில் மின்சாரம் வர ஆரம்பித்தபிறகுதான் எங்கள் வேலையே வேறு வேலை ஆனது. மின்சாரத்தை உண்டாக்குவது ஒன்றும் பெரிய காரியமில்லை, வெயில் அடித்தால் வந்துவிடும். எது முதலில், எது பிறகு, எதற்கு இன்று இல்லை என்று தீர்மானிப்பதுதான் காரியம். காலையில் வந்ததும் மலைப்பக்கம் மேகத்தைப் பார்ப்பேன். சாயங்காலம் பேட்டரியில் எவ்வளவு நிற்கவேண்டும் என்று மனதில் ஒரு கணக்குப் போட்டுக்கொள்வேன். தீவிர சிகிச்சைப் பிரிவு, ஆபரேஷன் தியேட்டர், பிறந்த குழந்தைகளின் அறை, டயாலிசிஸ், தண்ணீர் பம்ப் என்று வரிசை. நிர்வாகிகள் இருக்கும் மாடியின் ஏ.சி. கடைசி. இந்த வரிசையால் எனக்கு அந்த மாடியில் நண்பர்கள் கிடையாது.

பேனலில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கைப்பிடி. இடப்பக்கம் திருப்பினால் ஊர்க் கரண்டு, ஜெனரேட்டர் ஓடினால் அதுவும் அந்தப் பக்கம்தான். வலப்பக்கம் திருப்பினால் சோலாரும் காற்றாடியும் நிரப்பும் பேட்டரி. நடுவில் நிறுத்தினால் ஒன்றும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கும்.

எங்கள் மேலதிகாரி சுகுமாரன் சார் நெய்யாற்றின்கரைக்காரர், மலையாளி. பேனல் அறை வாசலில் நின்று மோதிரத்தையும் வாட்சையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. ஷாக் அடித்தால் கை கவ்விக்கொள்ளாமல் இருக்க, எந்தக் கேபிளையும் முதலில் புறங்கையால்தான் தொடுவார். ஓர் உத்தரவு சொன்னால் அப்படியே நின்றுவிடுவார், நாம் அதைத் திருப்பிச் சொல்லும்வரை நகரமாட்டார். "ஞான் பறஞ்ஞது ஒந்நு பற" என்பார். நான் சொன்னதைச் சொல்லு என்று அர்த்தம். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக வரும், நான் என்ன ஒன்றாம் வகுப்பா என்று. போகப்போக அந்தப் பழக்கம் என் வீட்டுக்கும் வந்துவிட்டது. கடைக்குப் போகிற கணவரை நிறுத்தித் திருப்பிச் சொல்ல வைத்திருக்கிறேன்.

ஒருவர் பழுது பார்க்கப் போனால், அவர் பேர் எழுதிய சிவப்புத் தகட்டைக் கைப்பிடியில் தொங்கவிடவேண்டும். போனவரே திரும்பி வந்து அதை எடுக்கவேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது. இதெல்லாம் சார் ஏற்படுத்திய முறை.

சாருக்கு இன்னொரு குணம் உண்டு. கண்டிப்பான காரியம் என்றால் மலையாளம் பேசுவார். வேலை நன்றாக நடந்தாலோ, யாருக்காவது சங்கடம் என்றாலோ தமிழுக்கு வந்துவிடுவார். அந்தத் தமிழ் கொஞ்சம் நொண்டும், ஆனால் கேட்க இதமாக இருக்கும். சத்தியநேசன் நேர் எதிர். ஆரியங்கோட்டில் வீட்டிலும் சர்ச்சிலும் தமிழ்தான் பேசுவான், என்னிடமும் தமிழ்தான். சாரிடம் மட்டும் மரியாதைக்காக மலையாளம். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் அப்படி இறங்கிவந்து பேசுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். பாறசாலையில் பாதிப் பேர் இப்படித்தான் பேசுகிறோம். எதிரே நிற்பவரின் மொழியை எடுத்துக்கொள்வது எங்கள் பக்கத்து மரியாதை.

அந்த வருடம் இடவப்பாதி என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குப் பருவமழை அடித்து நொறுக்கியது. ரப்பர் மரங்கள் கம்பிமேல் சாய்ந்து ஊர்க் கரண்டு போய் இரண்டாம் நாள். இரவெல்லாம் ஓடிய ஜெனரேட்டரும் காலையில் சூடேறி நின்றுவிட்டது. மெக்கானிக் வரவேண்டிய சாலையில் மரம் கிடந்தது. சோலார் பேருக்கு ஏதோ கொடுத்துக்கொண்டிருந்தது. காற்றாடி பிரேக் போட்டுக்கொண்டு சும்மா நின்றது. ஆக, பேட்டரி மட்டும்தான். அதுவும் பாதிக்குக் கீழே போய்விட்டது.

நாங்கள் மூன்று பேரும் பேனல் முன்னால் நின்றோம். ஃபேன், விளக்கு, அலுவலகம், சமையலறை எல்லாக் கைப்பிடியும் நடுவுக்கு வந்தன. ஆனால் மேல்தொட்டியில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. டயாலிசிஸ் மிஷினுக்கு மின்சாரத்தைவிடத் தண்ணீர் அதிகம் வேண்டும். கொஞ்சநேரம் பம்பைப் பேட்டரியில் ஓட்டித் தொட்டியை நிரப்பிவிடலாம் என்று சார் தீர்மானித்தார். சத்தியநேசன் கீழே பம்ப் ஹவுஸுக்குப் போய், மழைத்தண்ணீர் உள்ளே ஏறியிருக்கிறதா என்று பார்த்து, சரியாக இருந்தால் அங்கிருந்தே பட்டனை அழுத்தி ஓடவிடவேண்டும். பார்க்கத்தான் போகிறான், பழுது பார்க்க அல்ல. அதனால் சிவப்புத் தகடு தொங்கவில்லை.

"குட எடுத்துட்டுப் போலே" என்றேன்.

"பம்பு பாக்கப் போற எனக்கு வெள்ளம் பயமாக்கா?" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனான்.

சார் பம்பின் கைப்பிடியை இடமிருந்து வலமாக, பேட்டரிக்குத் திருப்பினார். முக்கியமான கைப்பிடிகளை அவரே திருப்புவார். கொஞ்ச நேரத்தில் பம்ப் ஹவுஸிலிருந்து போன் வந்தது. சார் எடுத்துக் கேட்டார். மழையில் நனைந்துகொண்டு நிற்பவனிடம் மலையாளத்தில் கறாராகப் பேச அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது.

"மாத்தியாச்சு, சத்தியநேசா" என்று தமிழில் சொன்னார். அந்தப் பக்கம் அவன் திருப்பிச் சொல்லும்வரை காத்திருந்தார். தலையாட்டிவிட்டுப் போனை வைத்தார்.

சத்தியநேசன் என்ன கேட்டான் என்பதை சார் பிறகு சொன்னார். "சாரே, பம்பு மாற்றியோ?" என்று மலையாளத்தில் கேட்டிருக்கிறான். பம்ப் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் தண்ணீர் கசிந்திருந்தது, அது சாருக்குத் தெரியாது. துடைத்து ஸ்க்ரூவை முறுக்கிவிட்டால் ஓடும். அதைத் தொடுவதற்கு முன்னால், லைனை விலக்கிக் கரண்டை நிறுத்தியாயிற்றா என்று கேட்டிருக்கிறான். மலையாளத்தில் மாற்றுவது என்றால் விலக்குவதும்தான். எங்கள் ஊரில் மாறி நில் என்றால் விலகி நில் என்றுதான் அர்த்தம். சாரோ, பேட்டரிக்குத் திருப்பியாயிற்றா, ஓட்டலாமா என்று அவன் கேட்பதாக நினைத்துத் தமிழில் பதில் சொன்னார். தமிழில் மாற்றுவது என்றால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவது. ஒருவர் நடுவை நினைத்தார், ஒருவர் வலப்பக்கத்தை நினைத்தார். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். அவனும் "மாத்தியாச்சு, சரி சாரே" என்று எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்னான்.

ஒரே ஒரு கரண்டு இருந்த காலத்தில் அந்த வார்த்தையால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. மாத்து என்றால் அப்போது விலக்கு என்பது மட்டும்தான், மாறிப்போக வேறு இடமே இல்லை. நான்கு வழி வந்தபிறகு வார்த்தைக்கு இரண்டாவது அர்த்தம் வந்து உட்கார்ந்துகொண்டது. நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பேனலில் பம்பின் பிரேக்கர் டப்பென்று விழுந்தது. மறுபடி போன். பம்ப் ஹவுஸில் சத்தியநேசன்கூட நின்ற வாட்ச்மேன் கத்தினார். சார் ரிசீவரைக் கீழே போட்டுவிட்டு, ஓய்வுபெறும் வயதில் இருந்த மனிதர், செருப்புகூடப் போடாமல் மழையில் ஓடினார். வாட்ச்மேன் மரப்பெஞ்சால் தள்ளித்தான் அவனைப் பிரித்தெடுத்திருந்தார். "மாத்தியாச்சாம், இனி தொடலாம்னு எங்கிட்ட சொல்லிட்டாக்கும் கைய வச்சான்" என்று அந்த மனிதர் பலநாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

விசாரணை நடந்ததை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். டெஸ்டர் வைத்துப் பார்க்காதது தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதத்தான் முதலில் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. டெஸ்டர் அவன் பையில் இருந்தது. ஏன் எடுக்கவில்லை? சார் சொன்னார், அவன் நம்பினான். சாரின் வார்த்தையைவிடப் பெரிய டெஸ்டர் எங்களுக்கு அந்த ஆஸ்பத்திரியில் இருக்கவில்லை. இதை நான் எழுந்து சொல்வதற்குள் சாரே எழுந்தார். "வார்த்தை என்னுடையது. அவனுடைய தவறு என்று எழுதினால் நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர்கள் எழுதவில்லை. அன்று முதல் பேனல் அறையில் யாரும் மாத்து என்று சொல்லக்கூடாது. கைப்பிடி நிற்கிற இடத்தைத்தான் சொல்லவேண்டும்: ஊரு, நடு, பேட்டரி. சார் ஓய்வுபெறும்வரை எங்களிடம் மறுபடி தமிழ் பேசவே இல்லை. நல்லது சொல்லும்போதும் மலையாளம்தான். என் மகள் கல்யாணத்துக்கு வந்து வாழ்த்தியதும் மலையாளத்தில்தான். அவர் தமிழில் ஒரு வார்த்தை பேசமாட்டாரா என்று நான் ஏங்கியிருக்கிறேன்.

அந்த நாளுக்கு வருகிறேன். சத்தியநேசனைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அவனுக்கு இதயத்துடிப்பு இல்லை. டாக்டர்கள் விடாமல் நெஞ்சை அழுத்தி அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். வென்டிலேட்டரில் போட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சாலை இல்லை. ஆக்சிஜன் சிலிண்டரும் வந்து சேரவில்லை. டாக்டர் பேனல் அறைக்குப் போன் செய்தார்.

"ஸ்டெல்லா, ஆக்சிஜன் பிளான்ட் நிக்கக் கூடாது. எவ்வளவு நேரம் தர முடியும்?"

வென்டிலேட்டர் தின்பது கொஞ்சம்தான். அதற்குப் பின்னால், காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துக் கொடுக்கும் பிளான்ட்தான் பெருந்தீனி. பேட்டரி அளவைப் பார்த்தேன். டயாலிசிஸும் ஓடினால் இருட்டுவதற்குள் தீர்ந்துவிடும். டயாலிசிஸை நிறுத்தினால் விடியும்வரை போகலாம், அதற்குள் ஜெனரேட்டரோ ஊர்க் கரண்டோ வந்துவிடலாம். என் வரிசையில் எது முதல் என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றுவரை நான் நடுவுக்குத் தள்ளியதெல்லாம் ஃபேனும் ஏ.சி.யும்தான். மிஷினோடு கட்டிக்கிடக்கும் மனிதர்களைத் தள்ளியதில்லை. போனில் சொல்ல மனம் வராமல் நானே வார்டுக்குப் போனேன்.

ஃபேன் நின்றுபோய் வார்டு புழுங்கிக்கொண்டிருந்தது. நால்வர் படுத்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். மூன்று பேர் நர்ஸைப் பார்த்துத் தலையசைத்தார்கள். ஜன்னலோரக் கட்டிலில் ராஜம்மா. ஆரியங்கோட்டுப் பக்கம், ரப்பர் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்த கிழவி. மழையால் ஏற்கெனவே ஒரு முறை டயாலிசிஸ் தவறி, முகமும் காலும் வீங்கி, அன்றுதான் யாரோ நாற்காலியில் வைத்துச் சுமந்து கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். மிஷினில் போட்டுக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை.

"இப்பம் நிறுத்தினா எனக்கு ராத்திரி மூச்சு முட்டும், தெரியுமா பிள்ளே?" என்றார்.

"தெரியும் அம்மா."

"ஆருக்காக்கும் கறண்டு?"

"சத்தியநேசனுக்கு. நம்ம பம்பு பாக்குதவன்."

"அந்த நெட்டப் பயலா? சர்ச்சுல ராகம் தப்பிப் பாடுவானே?" மிஷினைத் திரும்பிப் பார்த்தார். "அவனுக்குப் பிள்ளைய உண்டா?"

"ரெண்டு பொம்பளப் பிள்ளைய."

"பின்ன எதுக்கு நிண்ணு கத பேசுத? எடுத்துட்டுப் போ மக்கா. அவன் கண்ண முழிச்சா நீயே வந்து எங்கிட்ட சொல்லணும், கேட்டியா?"

சொல்கிறேன் என்றேன். நர்ஸ் குழாயில் இருந்த ரத்தத்தை உடம்புக்குத் திருப்பி அனுப்பி ஊசியை எடுத்தாள். நான் போய் டயாலிசிஸ் கைப்பிடியை நடுவில் நிறுத்தினேன்.

பிறகு நான் மட்டும் அந்த அறையில் இருந்தேன். சார் வரவில்லை. ஈரச் சட்டையோடு, வெறுங்காலோடு, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் தரையில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்கள். பேட்டரி அறையின் குளிரூட்டியை நிறுத்தினேன். நான் நின்ற அறையின் விளக்கை அணைத்தேன். கண்ணில் பட்டதையெல்லாம் நிறுத்தினேன். பேட்டரி முள் இறங்குவது மெதுவாகிவிட்டது. விடியும்வரை என்ன, அதற்கு மேலும் தாங்கும் என்று கண்டதும் எனக்குச் சந்தோஷம் வந்தது. ஆமாம், சந்தோஷம்தான். என் வேலைக்காலத்தில் அவ்வளவு சுத்தமாக நான் மின்சாரத்தைச் சேமித்ததில்லை. இனி பயமில்லை மக்கா, எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று வாய்விட்டே சொன்னேன்.

சாயங்காலம் சத்தியநேசனின் மனைவி பிள்ளைகளோடு, சாய்ந்த மரங்களைத் தாண்டி நடந்தே வந்து சேர்ந்தாள். அவள் வந்து கொஞ்ச நேரத்தில் டாக்டர் போன் செய்தார்.

"ஸ்டெல்லா, இனி வேண்டாம்" என்றார்.

ஆக்சிஜன் பிளான்டின் கைப்பிடியை நடுவுக்குக் கொண்டுவந்தேன். பேட்டரி முள் அசையாமல் நின்றது. பாதி நாள் கஞ்சத்தனமாகக் காத்த மின்சாரம் முக்கால்வாசி அப்படியே மிச்சம் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, வரிசையில் அடுத்தது எதுவோ அதற்குப் போனேன். மேல்தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீர் அந்த நால்வருக்குப் போதும். டயாலிசிஸ் கைப்பிடியைப் பேட்டரிக்குத் திருப்பினேன்.

ராஜம்மாவிடம் நானே வந்து சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். எப்படிச் சொல்வது என்று படியேறும்போதெல்லாம் யோசித்தேன். வார்டுக்குள் நுழைந்தபோது மிஷின்களில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மற்ற மூன்று பேர் கரண்டு வந்துவிட்டது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராஜம்மா மூச்சு வாங்கியபடி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மிஷினின் விளக்கைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி மேலே ஃபேனைப் பார்த்தார். அது ஓடவில்லை. ஊர்க் கரண்டோ ஜெனரேட்டரோ வந்திருந்தால் அதுவும் ஓடியிருக்கும்.

என் பக்கம் திரும்பவே இல்லை. சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நர்ஸ் ஊசியோடு வந்து நின்றாள்.

"கொஞ்சம் பொறு மக்கா" என்றார் அவளிடம். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இது அவனுக்க பங்காக்கும்."

பிறகு கையை நீட்டினார்.